தலைநகரில் கற்ற பாடம், திருப்பெரும்புதூரில் எழுதிய தேர்வு

அரசியலை வகுப்பறையில் கற்க முடியுமா என்னும் ஐயம் மிகப் பழையது. இதற்கு அமெரிக்கர்கள் கண்ட விடை சுவையானது. 1947ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகம் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கிற்று. வெளியூர்க் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் ஒரு பருவத்துக்கு மட்டும் தலைநகருக்கு வந்து தங்குவார்கள். சட்டமியற்றும் அவைகளையும் அரசு அலுவலகங்களையும் நேரில் காண்பார்கள். அங்குப் பணிபுரிவோருடன் உரையாடுவார்கள். பிறகு தத்தம் ஊர்க் கல்லூரிக்குத் திரும்புவார்கள். அரசியல் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சில மாதம் இருந்தால் அரசியல் விளங்கும் என்பது இவ்வேற்பாட்டின் அடிப்படை.

நம் நாட்டில் இதையொத்த முயற்சிகள் பிந்தியே வந்தன. 1966இல் தில்லிப் பள்ளிகளில் 'இளைஞர் நாடாளுமன்றம்' தொடங்கப்பட்டது. மாணவர்களே பிரதமராகவும் எதிர்க்கட்சித் தலைவராகவும் அவைத் தலைவராகவும் நடித்து, கேள்வி நேரம் முதல் வாக்கெடுப்பு வரை நிகழ்த்திக் காட்டுவது இதன் முறை. 2010 முதல் இளம் பட்டதாரிகள் சிலர் ஓராண்டளவு தில்லியில் தங்கி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உதவியாளராகப் பணிபுரியும் நல்கைத் திட்டம் ஒன்று நடந்துவருகிறது. இரண்டும் நல்லவையே.

ஆனால் எந்தப் பாடத்திட்டக் குழுவும் கூடாமல், யாரும் சேர்க்கைப் படிவம் நிரப்பாமல், தமிழ்நாட்டின் தலைநகரில் இப்படியொரு பருவம் நடந்தேறியிருக்கிறது. அது 1965ஆம் ஆண்டு ஜனவரி தொடங்கி மார்ச் வரையிலான பருவம். அதற்கான தேர்வு ஈராண்டு கழித்து 1967 பிப்ரவரியில் நடந்தது. அத்தேர்வு நடந்த இடங்களுள் முக்கியமான ஒன்று, இன்று கார்களும் கைப்பேசிகளும் செய்து உலகெங்கும் அனுப்புகிற திருப்பெரும்புதூர். அந்தப் பருவத்தில் மாணவர்கள் உண்மையில் எதைக் கற்றார்கள், அந்தக் கல்வி பிற்பாடு எங்கே போயிற்று என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

இன்றைய அரையாண்டுப் பருவமுறை அன்று இல்லை. புகுமுக வகுப்பு ஓராண்டு, பட்டப்படிப்பு மூன்றாண்டு, ஆண்டிறுதியில் பல்கலைக்கழகத் தேர்வு என்பதே ஒழுங்கு. பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும் மாணவர், தேர்வுக்குக் கடைசி ஓட்டம் ஓட வேண்டிய பருவம் அது. அதே பருவத்தில்தான் 1965 ஜனவரி 26 வந்து நின்றது. 1950இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலம் நடுவண் அரசின் அலுவல்களில் தொடரும், அதன்பின் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பது 343ஆம் பிரிவின் சாரம். அந்தப் பதினைந்து ஆண்டு அன்றோடு முடிந்தது.

1963இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலமும் 'தொடரலாம்' என்றது. 'தொடரும்' என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நேரு விளக்கம் கூறினார். ஒன்றுதான் என்றால் 'தொடரும்' என்றே எழுதிவிடலாமே என்று தி.மு.க. கேட்டது. தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இந்த வழக்கின் சுவை உடனே விளங்கும். ஒரு வினைமுற்றின் ஈறு இசைவைக் குறிக்கிறதா, உறுதியைக் குறிக்கிறதா என்பது கோடிக்கணக்கான மக்களின் வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கிற கேள்வியாக மாறிய அரிய தருணம் அது. நடுவண் அரசுப் பணித் தேர்வுகளை இந்தியில் எழுத வேண்டி வந்தால் தம் கதி என்ன என்று எண்ணிய கல்லூரி மாணவர்களுக்கு அந்த ஈறு வெறும் இலக்கணமாக இருக்கவில்லை.

ஜனவரியில் தமிழ்நாடு மாணவர் இந்தி எதிர்ப்புப் போராட்டக் குழு உருவானது. அதில் முன்நின்ற பெயர்களை இலக்கிய வாசகர்கள் வேறு காரணங்களுக்காகவும் அறிவார்கள். 'கறுப்பு மலர்கள்' தந்த நா. காமராசன், பின்னாளில் 'ஒரு ஜெருசலேம்' தொகுப்பின் ஆசிரியராகவும் 'மன ஓசை' இதழோடு இணைத்தும் அறியப்பட்ட பா. செயப்பிரகாசம், கா. காளிமுத்து, பெ. சீனிவாசன், எல். கணேசன், சேடப்பட்டி முத்தையா, துரைமுருகன் எனப் பட்டியல் நீள்கிறது. அன்றைக்கு இவர்கள் மாணவர்கள். தலைநகரிலும் மதுரையிலும் பிற ஊர்களிலும் விடுதி அறைகளில் கூடிப் பேசியவர்கள்.

ஜனவரி 25ஆம் நாள் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சிந்தாதிரிப்பேட்டை நேப்பியர் பூங்காவிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டை நோக்கி ஊர்வலமாகச் சென்றார்கள். எண்ணிக்கை ஏறத்தாழ 50,000 எனப்படுகிறது. அவர்கள் வேண்டியது அன்றைய முதலமைச்சர் மீ. பக்தவத்சலத்திடம் நேரில் மனுக் கொடுக்க வேண்டும் என்பதே. அது நடக்கவில்லை. அதே நாள் மதுரையில் மாணவர் ஊர்வலம் காங்கிரசாருடனான மோதலில் முடிந்து கலவரமாயிற்று. அண்ணாதுரையும் அவர் கட்சியினர் ஆயிரக்கணக்கானோரும் முன்னெச்சரிக்கையாகக் கைது செய்யப்பட்டார்கள்.

அடுத்து வந்த இரண்டு வாரங்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. சென்னையில் சிவலிங்கம், அரங்கநாதன் ஆகியோரின் மரணங்கள் ஊரை உலுக்கின. ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. திருப்பூரில் காவலர்கள் கூட்டத்தின் கையில் மாண்டார்கள். இறந்தோர் எழுபது பேர் அளவில் என்பது அரசுக் கணக்கு. ஐந்நூறு வரை இருக்கும் என்றும் சொல்லப்படுகிறது. பிப்ரவரி 11 அன்று நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். மறுநாள் போராட்டக் குழு போராட்டத்தை ஒத்திவைத்தது. மார்ச் 7இல் மாணவர்கள் மீதான வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. மார்ச் 14இல் குழு போராட்டத்தைக் கைவிட்டது. பருவமும் முடிந்தது.

*

இந்தப் பருவத்தை மொழிப்போர் என்ற ஒரே சொல்லால் குறித்து, ஆண்டுதோறும் வீரவணக்கம் செலுத்தி முடித்துக்கொள்வது நம் வழக்கம். வணக்கம் செலுத்த வேண்டியதே. ஆனால் கல்வி என்ற கண்ணால் பார்த்தால் வேறு சில செய்திகள் தென்படுகின்றன.

முதலாவது, மாணவர்கள் ஒரு குழுவை அமைக்கக் கற்றார்கள். கல்லூரிக்குக் கல்லூரி, ஊருக்கு ஊர் பிரிந்து கிடந்தவர்கள், கட்சிக்குள் இருந்தவர்கள், கட்சியே வேண்டாம் என்றவர்கள் ஆகியோரை ஒரே பெயரின் கீழ் நிறுத்துவது எளிய வேலையன்று. யார் பேசுவது, யார் கையொப்பமிடுவது, எந்த முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்பவை எந்தப் பாடநூலிலும் இருந்தாலும், கூட்டத்தில் உட்கார்ந்து சண்டையிட்டுத் தீர்க்காதவரை மனத்தில் ஏறுவதில்லை.

இரண்டாவது, கோரிக்கையைச் சுருக்கக் கற்றார்கள். அடுப்பில் அரிசி இல்லாத குறை, விலைவாசி, வேலையின்மை என்று ஆயிரம் மனக்குறை இருந்த காலம் அது. அவற்றையெல்லாம் மனுவில் எழுதவில்லை. ஆட்சிமொழி என்ற ஒன்றை எழுதினார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை சொல்லக்கூடியதாக ஒரு கோரிக்கை இருக்க வேண்டும் என்பது நடைமுறை அரசியலின் அரிச்சுவடி.

மூன்றாவது, மூடிய கதவைக் கண்டார்கள். வாஷிங்டன் பருவத்து மாணவரை அலுவலகங்கள் வரவேற்று நாற்காலி போட்டு உட்கார வைக்கும். 1965இல் கோட்டைக்குப் போன மாணவர் வெளியே நிறுத்தப்பட்டார். இரண்டும் பாடங்களே. அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதை முதல்வகை மாணவர் தெரிந்துகொள்கிறார். தம்மைப் பொறுத்தவரை எப்படி இயங்கும் என்பதை இரண்டாம்வகை மாணவர் தெரிந்துகொள்கிறார்.

நான்காவது, தாம் தொடங்கியது தம் கைவிட்டுப் போவதைக் கண்டார்கள். கல்லூரிகள் மூடப்பட்டு விடுதி மாணவர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டபோது போராட்டமும் அவர்களோடு ஊர்களுக்குப் போயிற்று. அங்கே அது மாணவர் கட்டுக்குள் இல்லை. தொடர்வண்டி நிலையங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. இந்தப் பாடத்தின் விலையைக் கொடுத்தவர்களில் பலர் போராட்டக் குழுவின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள். அந்தப் பருவத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இதை விட்டுவிடலாகாது.

ஐந்தாவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கற்றார்கள். நமக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது. சட்டம் திருத்தப்படவில்லை, கையில் கிடைத்தது பிரதமரின் வாய்ச்சொல் மட்டும். அந்நிலையில் போராட்டத்தை ஒத்திவைத்து, வழக்குகள் திரும்பப் பெறப்பட்ட பின் கைவிட்டது இருபது வயதினருக்குக் கைவந்த அரசியல் நிதானம். அவர்கள் கேட்டது 1967 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தச் சட்டத்தில் கிடைத்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் நிறைவேற்றும் வரை ஆங்கிலம் நீங்காது என்று அச்சட்டம் எழுத்தில் கூறிற்று. 'லாம்' என்ற ஈறு ஒருவழியாகத் திருத்தம் பெற்றது.

*

இனித் தேர்வு நடந்த ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருப்பது திருப்பெரும்புதூர். இராமானுசர் பிறந்த ஊர். 1960களில் ஏரிப் பாசனத்தையும் நெல்லையும் நம்பிய சுற்றுவட்டாரம். 1957, 1962 ஆகிய இரு தேர்தல்களிலும் இத்தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர் மீ. பக்தவத்சலம். அவர் பிறந்த நசரத்பேட்டையும் இதே சாலையில் பூவிருந்தவல்லிக்கு அருகில்தான் இருக்கிறது. சொந்த மண்ணின் வேட்பாளர். 1963 அக்டோபர் 2 முதல் முதலமைச்சர்.

பக்தவத்சலத்தை மாணவர் பகைவர் என்ற ஒரே வண்ணத்தில் தீட்டுவது நியாயமன்று. அவரும் தலைநகரில்தான் அரசியல் கற்றார். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். 1930இல் வேதாரண்யம் உப்பு அறப்போரில் கலந்து காயமுற்றவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அதிகாரத்தின் மூடிய கதவை வெளியே நின்று பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. அதே மனிதர் கதவின் உட்புறம் வந்தபோது, வெளியே நிற்பவர்களின் ஓசை சட்டம் ஒழுங்குச் சிக்கலாக மட்டும் கேட்டது. கற்ற அரசியலை மறப்பதற்கு நாற்காலி ஒன்றே போதும் என்பதற்கு அவர் முதல் சான்றும் அல்லர், கடைசிச் சான்றும் அல்லர்.

1967 பிப்ரவரித் தேர்தலில் திருப்பெரும்புதூரில் அவரை எதிர்த்து தி.மு.க. நிறுத்தியவர் தி. இராசரத்தினம். முதலமைச்சரோடு ஒப்பிடப் பெயர் அறியப்படாதவர். 8,926 வாக்கு வேறுபாட்டில் முதலமைச்சர் தோற்றார். விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கு வேறுபாட்டில் வென்றவர், ஈராண்டு முன் போராட்டக் குழுவில் இருந்த அதே பெ. சீனிவாசன். 234 இடங்களில் தி.மு.க. மட்டும் 137 பெற்றது.

இந்த முடிவை முழுக்க மாணவர்களின் கணக்கில் எழுதிவிட முடியாது. உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி வீடு வீடாகப் போயிற்று. இராசாசியின் சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்டுகள் வரை ஒரே அணியில் நின்றார்கள். ஆயினும் ஒரு செய்தியை மறக்கலாகாது. அன்று வாக்குரிமைக்கு வயது 21. 1965இல் ஊர்வலம் போன பதினேழு, பதினெட்டு வயது மாணவருக்கு 1967இலும் வாக்கில்லை. அவர்கள் தம் வாக்கால் யாரையும் தோற்கடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் தாய் தந்தையரிடமும் பேசினார்கள். தலைநகரில் கற்ற பாடத்தைத் தமக்கு மூத்தவர்களுக்கு நடத்தினார்கள். தேர்வெழுதியவர்கள் பெற்றோர்கள், சொல்லிக்கொடுத்தவர்கள் பிள்ளைகள்.

*

அதன் பிறகு அந்தக் கல்வி என்னவாயிற்று? அன்றைய மாணவர்களில் சிலர் வெகுதூரம் போனார்கள். சேடப்பட்டி முத்தையா 1991இலும் கா. காளிமுத்து 2001இலும் சட்டமன்றப் பேரவைத் தலைவர்களானார்கள். துரைமுருகன் பல்லாண்டு அமைச்சராக இருந்தார். கோட்டைக்கு வெளியே மனுவோடு நின்ற தலைமுறை கோட்டைக்குள் போயிற்று. ஆனால் தாம் நுழைந்த வழியை அவர்கள் அடுத்தவர்களுக்காகத் திறந்து வைத்தார்களா என்பது வேறு கேள்வி. மாணவர் ஆதரவில் வந்த ஆட்சியிலேயே, 1971இல், முதலமைச்சர் மு. கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியதை எதிர்த்த போராட்டத்தின்போது உதயகுமார் என்ற மாணவர் உயிரிழந்தார். கட்சி எதுவாயினும், மாணவர் கூட்டம் என்பது எதிர்க்கட்சியாக இருக்கும்போது செல்வம், ஆளுங்கட்சியான பின் தலைவலி என்ற நிலை அப்போதே தெளிவாயிற்று.

1980களின் நடுப்பகுதியிலிருந்து தமிழ்நாடெங்கும் தனியார் தொழிற்கல்லூரிகள் பெருகின. அவற்றின் வளாகங்களில் மாணவர் பேரவைத் தேர்தல் என்ற வழக்கம் பெரும்பாலும் வேரூன்றவில்லை. மாணவர் பேரவைத் தேர்தலை எப்படி நடத்துவது என்பதற்கு லிங்டோ குழு அளித்த நெறிமுறைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நெறிமுறை இருக்கிறது, தேர்தல்தான் அரிதாகிவிட்டது. பட்டம் பெறும்வரை ஒரு வாக்குச்சீட்டையும் எண்ணிப் பார்த்திராத, ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் எழுதியிராத தலைமுறைகள் இப்படித்தான் உருவாயின.

இதில் திருப்பெரும்புதூருக்கே உரிய ஒரு முரண் உண்டு. வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆம் அரசியலமைப்புத் திருத்தம் இராசீவ் காந்தி அரசின் காலத்தில் நிறைவேறி 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. கல்லூரி மாணவரை முதன்முதலாக வாக்காளராக்கிய அந்தத் தலைவர், 1991 மே 21 அன்று தேர்தல் பரப்புரைக்காக வந்த இடத்தில் கொல்லப்பட்டது இதே ஊரில். அவர் பெயரால் இளைஞர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் ஒன்று 1993 முதல் இவ்வூரில் இருக்கிறது. 1965இன் மாணவருக்கு அரசியல் இருந்தது, வாக்கில்லை. இன்றைய மாணவருக்கு வாக்கு இருக்கிறது; அதைக் கொண்டு என்ன செய்வது என்று கற்க இடந்தான் இல்லை.

*

இடம் முற்றிலும் இல்லாமற் போய்விடவில்லை, மாறிவிட்டது என்று சொல்வதே சரியாக இருக்கும். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2006இல் நோக்கியா தொடங்கி 2014இல் மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் எனச் சிப்காட் வளாகங்கள் ஏரிகளுக்கிடையே நிறைந்தன. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் பட்டயமும் பட்டமும் முடித்த இருபது வயதினர் இங்கே வந்து விடுதிகளில் தங்குகிறார்கள். 1965இல் சென்னை விடுதிகளுக்கு வந்த அதே வயதினர், அதே ஊர்களிலிருந்து. கல்லூரியில் கிடைக்காத பாடம் இவர்களுக்கு ஆலை வாயிலில் கிடைக்கிறது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழியர் என்னவானார்கள் என்ற செய்தி முறையாகக் கிடைக்காமல் வதந்தி பரவ, பெண்கள் நள்ளிரவில் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். கையில் மனு இல்லை, குழு இல்லை, பேச ஒருவர் என்று யாரையும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. ஆயினும் சாலை நின்றது, ஆலை சில வாரம் மூடிக் கிடந்து ஜனவரியில் திறந்தது, விடுதிகள் ஆராயப்பட்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டதற்கு அந்த இரவும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் இன்னொரு வகை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 37 நாள் வெளியே இருந்தார்கள். ஊதியமும் வேலை நேரமும் கோரிக்கைகளில் இருந்தன. தலைமையானது தம் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஏற்க வேண்டும் என்பது. அமைச்சர்கள் பேசினார்கள், உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிற்று, 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவாயிற்று. குழு, சுருக்கிய கோரிக்கை, மூடிய கதவு, நிறுத்த வேண்டிய நேரம் என்று மேலே எண்ணிய பாடங்களை இங்கும் வரிசையாகக் காணலாம்.

வேலைநிறுத்தம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது இங்கு நம் வேலையன்று. நாம் பணிபுரியும் கல்லூரி இந்தச் சாலைக்கு அருகில் இருக்கிறது. நம் வகுப்பில் அமர்ந்திருப்பவர்களில் பலர் ஓரிரு ஆண்டில் அந்த வாயில்களுக்குள் போகப் போகிறவர்கள். சிலருடைய அண்ணனும் அக்காளும் இப்போதே இரவு ஷிப்டில் இருக்கிறார்கள். சங்கம் என்ற சொல்லை அவர்கள் அறிவது சங்க இலக்கியம் என்ற தொடரில் மட்டுமே. அவர்கள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், எதிர்த்தாலும் ஆதரித்தாலும், அறிந்து செய்ய வேண்டாமா என்பதுதான் கேள்வி.

*

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குத் திரு.வி.க.வை நினைவூட்ட விரும்புகிறோம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்தவர். சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். 1917இல் அப்பணியை விட்டுத் 'தேசபக்தன்' ஆசிரியரானார். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது உடன் நின்றார். பின்னி ஆலைத் தொழிலாளருக்கு ஆங்கிலச் சட்ட மொழியைத் தமிழாக்கிச் சொன்ன நா அது. வாடியா முதலானோர்மீது ஆலை நிருவாகம் தொடுத்த வழக்கும், உயர் நீதிமன்றம் விதித்த தடையுமே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் தேவை என்ற குரலை எழுப்பின. அதாவது, சாம்சங் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு கேட்டதோ, அந்தச் சட்டத்தின் கருவறை சென்னை நகரமே.

அச்சட்டமும் இன்று நடப்பில் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆலையில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால் 51 விழுக்காட்டினர் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுக்கு உரியது. 51 விழுக்காடு என்றால் உறுப்பினர் பட்டியல் வேண்டும், சரிபார்ப்பு வேண்டும், கணக்கு வேண்டும். நெடுஞ்சாலையில் அமர்வதற்கு இவை தேவையில்லை. பேச்சு மேசையில் அமர்வதற்குத் தேவை. புதிய சட்டம் தொழிலாளருக்கு நல்லதா கெட்டதா என்று இரு தரப்பும் வாதிடுகின்றன. அந்த வாதத்தில் கலந்துகொள்ள அதைப் படித்திருக்க வேண்டும். சட்டத்தைப் படித்துப் பொருள் கூறுவது உரையாசிரியர் மரபில் வந்தவர்களுக்குப் புதிய தொழிலன்று.

பெரிய திட்டம் எதையும் நாம் முன்வைக்கவில்லை. வகுப்புப் பிரதிநிதியை ஆசிரியர் நியமிப்பதற்கு மாறாக மாணவர்கள் மறைவாக்கில் தேர்ந்தெடுக்கட்டும். இலக்கிய மன்றக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை மாணவரே எழுதி, அடுத்த கூட்டத்தில் படித்து ஒப்புதல் பெறட்டும். கடிதம் எழுதும் பயிற்சியில் நண்பனுக்கு விடுமுறைக் கடிதம் எழுதியது போதும். ஊராட்சிக்கும் தொழிலாளர் துறைக்கும் ஒரே கோரிக்கையுள்ள மனு ஒன்றை, பெறுபவர் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடை சொல்லும்படி எழுதிப் பழகட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. அதில் ஒரு விண்ணப்பம் எழுதி விடை வரும்வரை காத்திருப்பதும் ஒரு பருவத்துப் பாடந்தான். இவை எதற்கும் பல்கலைக்கழக ஒப்புதல் வேண்டியதில்லை. இவற்றுள் எதுவும் ஆட்சியைக் கவிழ்க்காது. ஆனால் 1965இல் உயிர்கள் கொடுத்துக் கற்ற பாடங்களின் தொடக்க அத்தியாயங்களை உயிர்ச்சேதமின்றிக் கற்க இவை உதவும்.

1965 ஜனவரியில் மாணவர் ஊர்வலம் புறப்பட்ட நேப்பியர் பூங்காவுக்கு இப்போது மே தினப் பூங்கா என்று பெயர். மாணவர் நின்ற இடம் தொழிலாளர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரை மாற்றியவர்கள் இதை எண்ணிச் செய்தார்களா தெரியாது. ஆனால் தமிழ்நாட்டு இளைஞரின் அரசியல் வகுப்பு அறுபது ஆண்டுகளில் எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்பதை அந்தப் பெயர்ப்பலகை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. ஆசிரியர்களாகிய நாம் அந்த வகுப்புக்கு எப்போது போகப் போகிறோம் என்பதை இனி நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.